ஏழு பேர் ஏறும் மின் வண்டி: திருநெல்வேலிக்கு ஒத்துவருமா?

நவம்பர் 28, 2025

வள்ளியூர்க்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "மஹிந்திரா எக்ஸ்.இ.வி. 9எஸ் மின் கார் நேற்று பெங்களூரில் அறிமுகமாகிவிட்டது. ஏழு இருக்கை, விலை 19.95 லட்சத்தில் தொடக்கம். எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்கள். மின் வண்டி சென்னைக்கும் கோவைக்கும் சரி. நம் பக்கம் கூட்டுக் குடும்பம், கோயில், மலை, மின்தடை. இங்கே டீசல்தான் நிற்கும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்."

மறுப்பு இருக்கிறது. மலை ஏறுவது மின் மோட்டாருக்குச் சுலபமான வேலை. கோயில்களோ, திருச்செந்தூரானாலும் பாபநாசமானாலும், நமக்கு நூறு கிலோமீட்டருக்குள். மின்தடைக்கு வழி உண்டு, அதைப் பிறகு எழுதுகிறேன். கூட்டுக் குடும்பம் என்று சொன்னீர்களே, அதுதான் உண்மையான கேள்வி. ஏழு பேர் ஏற முடியும் என்பது வேறு, ஏழு பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வர முடியும் என்பது வேறு. எங்கள் வீட்டிலும் பழைய டீசல் வண்டியை மாற்றும் நேரம் வந்துவிட்டதால் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

இப்போதைக்கு எண்களை மட்டும் பேசுவோம். பேட்டரி மூன்று அளவுகளில் வருகிறது: 59, 70, 79 கிலோவாட் மணி. நம் மின் கட்டண மொழியில் அவ்வளவு யூனிட். ஒரு முறை சார்ஜ் செய்தால் முறையே 521, 600, 679 கிலோமீட்டர் என்பது அரசு வகுத்த சோதனை முறையில் கிடைத்த எண். அதை நம்பி யாரும் புறப்பட வேண்டாம். பெரிய பேட்டரிக்கு நடைமுறையில் 500 கிலோமீட்டர் என்று நிறுவனமே சொல்கிறது. ஏழு பேர், ஓயாமல் ஓடும் ஏ.சி., நான்குவழிச் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகம் என்றால் 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துத் திட்டமிட்டால் வழியில் தவிக்க வேண்டாம்.

நவம்பர் 29

விலையைப் பார்த்து மலைப்பவர்கள் வரியையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குச் சாலை வரி 20 சதவீதம். 22 லட்ச ரூபாய் டீசல் வண்டி என்றால் வரி மட்டும் 4.4 லட்சம். மின் வண்டிக்கு அந்த வரி முழு விலக்கு. இப்போதுள்ள ஆணைப்படி விலக்கு 2025 டிசம்பர் 31 வரை. 9எஸ் முன்பதிவோ 2026 ஜனவரி 14-ஆம் தேதிதான் தொடங்குகிறது. இந்தத் தேதி இடைவெளி எனக்கு உறுத்துகிறது. விலக்கு நீட்டிக்கப்பட்டால்தான் கணக்கு நிற்கும்.

டிசம்பர் 1

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி கேட்டது: "வீட்டில் சார்ஜ் போட்டால் கரண்ட் பில் எகிறிவிடாதா?"

எகிறும். எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் தோராயமாகப் பேசுகிறார்கள்.

ஒரு வீடு இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் எரிக்கிறது என்று வையுங்கள். முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.35 வீதம், அதற்கடுத்த 200-க்கு 4.70 வீதம். கட்டணம் 1,175 ரூபாய். இப்போது வண்டி வருகிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டம், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர். ஆக இரண்டு மாதத்துக்குக் கூடுதலாக 400 யூனிட். மொத்தம் 800. ஐந்நூறைத் தாண்டியதும் கட்டண அட்டவணையே மாறுகிறது: 100 வரை இலவசம் தொடரும், 101 முதல் 400 வரை 4.80, அடுத்த நூறுக்கு 6.45, அதற்கடுத்த நூறுக்கு 8.55, 601-லிருந்து 800 வரை 9.65. கூட்டினால் 4,870 ரூபாய்.

வித்தியாசம் 3,695 ரூபாய். ஓடியது 2,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்கூட ஆகவில்லை. அதே தூரத்தை லிட்டருக்கு 13 கொடுக்கும் டீசல் வண்டியில் ஓடினால் 150 லிட்டருக்கு மேல். லிட்டர் 93 ரூபாய் என்றால் 14 ஆயிரத்தைத் தாண்டும்.

"ஒரு ரூபாயில் ஒரு கிலோமீட்டர்" என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வது நம் வீட்டு அடுக்குக் கட்டணத்துக்குப் பொருந்தாது. ஏற்கெனவே இரண்டு ஏ.சி. ஓடும் வீடாக இருந்தால் இன்னும் மேல் அடுக்குக்குப் போவீர்கள். ஆயிரம் யூனிட்டைத் தாண்டினால் ஒரு யூனிட் 11.80. அப்போதும் டீசலைவிடக் குறைவுதான். ஆனால் அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

டிசம்பர் 1, இரவு

சாதாரண 16 ஆம்பியர் பிளக் போதுமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். 79 யூனிட் பேட்டரியை அதில் நிரப்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும். தினமும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இரவில் போட்டால் போதும், வண்டி என்றைக்கும் காலியாகாது. 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் முழுதாக நிரம்பப் பன்னிரண்டு மணி நேரம் போல, 11.2 என்றால் எட்டு மணி நேரம் போல. பெரியதற்கு மும்முனை இணைப்பு வேண்டும். வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து, எந்த இணைப்பு, எவ்வளவு மின்சுமைக்கு அனுமதி என்று பாருங்கள். எலக்ட்ரீசியனை அழைத்து எர்த் கம்பியைச் சோதியுங்கள். பழைய வீடுகளில் எர்த் என்பது பெயருக்குத்தான் இருக்கும்.

டிசம்பர் 6

வண்டியை நேரில் பார்த்தாயிற்று. ஆச்சியையும் அழைத்துக்கொண்டு போனேன். மதினி, அண்ணன் பிள்ளைகள், அம்மா, எல்லோருமாகப் போனதால் ஷோரூமில் இருக்கையைப் பற்றிப் பேசுவதற்குப் பதில் உட்கார்ந்தே பார்க்க முடிந்தது.

ஆச்சி செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏறப் பார்த்தாள். ஷோரூம் பையன் "பரவாயில்லை பாட்டி, செருப்போடு ஏறுங்கள்" என்றான். அவள் கேட்கவில்லை. இடது கையால் கதவின் மேல்விளிம்பைப் பிடித்தாள், வலது கையை இருக்கையில் ஊன்றினாள், ஒரு முழங்காலை முதலில் உள்ளே வைத்து, பிறகுதான் உடம்பைத் திருப்பி உட்கார்ந்தாள். அவ்வளவு உயரம். தரைக்கு அடியில் பேட்டரி இருப்பதால் மின் வண்டிகளில் உள்தரை உயர்ந்துதான் இருக்கும். உட்கார்ந்த பிறகு அவளுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வரிசை முன்னும் பின்னும் நகர்கிறது, சாய்கிறது, கால் நீட்ட இடம் தாராளம். "இறங்கத்தான் மனசில்லை" என்றாள்.

மூன்றாம் வரிசைக்கு நானே போனேன். நான் ஐந்தரை அடிக்குச் சற்று மேல். தலை இடிக்கவில்லை. முழங்கால்தான் நெஞ்சை நோக்கி உயர்கிறது, தொடைக்கு அடியில் தாங்கல் இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை நான் அப்படியே வருவேன். மதுரை வரை வரமாட்டேன். அண்ணன் பிள்ளைகள் இருவரும் அங்கே ஏறியவர்கள் இறங்க மறுத்துவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கான இருக்கை அது. ஐந்து பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்குச் சரியாக அமையும். ஏழும் பெரியவர்கள் என்றால் இன்னோவாவையே பாருங்கள். இதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

சாமான் இடம். மூன்று வரிசையும் விரித்திருந்தால் பின்னால் இரண்டு சின்னப் பைகள்தான். ஆனால் முன் மூடியைத் திறந்தால், என்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் 150 லிட்டர் பெட்டி இருக்கிறது. மதினி அதைப் பார்த்ததும் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் கொண்டுபோகும் பொங்கல் பானை, அரிசி, வெல்லம், தேங்காய் எல்லாம் இதில் அடங்கிவிடும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். விறகு அடங்காது. அதை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

டிசம்பர் 8

சோதனை ஓட்டம் பற்றி. நாங்குநேரி பக்கம் நான்குவழிச் சாலையில் கொஞ்ச தூரம், பிறகு ஊருக்குள் வண்ணார்பேட்டை வழியாக.

ஓட்டத்தில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. 79 யூனிட் வண்டியில் 210 கிலோவாட் மோட்டார், பின்சக்கரத்தைத் தள்ளுகிறது. லாரியை முந்த மிதித்தால் கியர் குறையும்வரை காத்திருக்கும் வேலை இல்லை. டீசல் வண்டியின் அதிர்வுக்குப் பழகிய அம்மா, "கிளம்பிவிட்டோமா?" என்று கேட்டாள். மேடுபள்ளத்தில் பின்வரிசையை அது தூக்கிப் போடவில்லை.

எனக்குப் பிடிக்காதது திரைகள். முன்னால் வரிசையாக மூன்று, ஒவ்வொன்றும் 12.3 அங்குலம். ஏ.சி. காற்றைத் திருப்பக்கூட சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும் என்றால் அது எனக்கு வசதி இல்லை. மாடு குறுக்கே வரும் சாலையில் ஓட்டுகிறவனுக்குக் கைக்குத் தட்டுப்படும் பொத்தான் வேண்டும்.

காலை எடுத்தால் வண்டி தானாக வேகம் குறைந்து, அந்த விசையை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. பழக்கமில்லாதவர் ஓட்டினால் பின்னால் இருப்பவருக்குக் குமட்டும். ஷோரூம் பையன் ஓட்டியபோது அம்மாவுக்குக் குமட்டியது. அந்த அமைப்பைக் குறைவாக வைத்துக்கொண்டு நான் ஓட்டியபோது இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் முதல் வாரம் இதைக் கவனியுங்கள்.

டிசம்பர் 11

தூத்துக்குடி வண்டியை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று தென்காசியிலிருந்து ஒரு தம்பி கோபித்துக்கொண்டிருக்கிறார். விடவில்லை. வியட்நாம் மின் கார் நிறுவனமான வின்ஃபாஸ்டின் தூத்துக்குடி ஆலையை முதலமைச்சர் ஸ்டாலின் 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி திறந்துவைத்தார். செப்டம்பரில் வி.எஃப்.6, வி.எஃப்.7 என்று இரண்டு வண்டிகள் விற்பனைக்கு வந்தன, 16.49 லட்சம், 20.89 லட்சம் தொடக்க விலையில். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் கார் செய்கிறார்கள் என்பது எனக்கும் பெருமைதான். ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூருக்கு மூட்டை கட்டாமல் இருக்க ஒரு வழி பிறந்திருக்கிறது. ஆனால் இரண்டுமே ஐந்து இருக்கை. என் வீட்டுக்கு ஆகாது. நாலு பேர் உள்ள குடும்பம் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஏழு இருக்கையே வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்றால் கியா காரன்ஸ் கிளாவிஸ் மின் வண்டி இருக்கிறது. ஜூலையில் 17.99 லட்சத்தில் தொடங்கியது. பெரிய பேட்டரி 51.4 யூனிட், சோதனை முறையில் 490 கிலோமீட்டர். உயரம் குறைவாக இருப்பதால் வயதானவர்கள் ஏற அதுதான் எளிது. ஆச்சியை அதில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

டிசம்பர் 13

நெடுஞ்சாலை சார்ஜிங். அத்தானின் மின் காரில் மதுரைக்குப் போய் வந்தோம். அது வேறு வண்டி, சின்ன பேட்டரி. திரும்பும்போது ஒரு உணவகத்தின் பின்புறம் இருந்த சார்ஜரில் நிறுத்தினோம். திரையில் வெளிச்சம் இருந்தது, சார்ஜர் கம்பியின் முனையை வண்டியில் செருகினால் மின்சாரம் ஏறவில்லை. செயலியில் "தயார்" என்றே காட்டிக்கொண்டிருந்தது. காவலாளி வந்து, "காலையிலிருந்தே இப்படித்தான் சார், நானும் சொல்லிவிட்டேன்" என்றார். அடுத்த இடத்தில் முன்னால் ஒரு வண்டி நின்றது. காப்பி குடித்தோம், பேசினோம், இன்னொரு காப்பி குடித்தோம்.

9எஸ் வண்டியில் 20-லிருந்து 80 சதவீதத்துக்கு 20 நிமிடம் என்கிறார்கள். அது 180 கிலோவாட் சார்ஜர் கிடைத்தால். 79 யூனிட்டில் 60 சதவீதம் என்றால் 47 யூனிட். சாலையில் நமக்குக் கிடைப்பது 60 கிலோவாட் என்றால் ஒரு மணி நேரம் போகும், 30 என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். சென்னை இங்கிருந்து 625 கிலோமீட்டர். பெரிய பேட்டரியோடு காலையில் நிறைத்துக்கொண்டு கிளம்பி, திருச்சியில் சாப்பாட்டுக்கு நிறுத்தி ஏற்றினால் போய்ச் சேரலாம். திருச்சியில் ஒன்றை நம்பாமல், அதற்கு முன்னும் பின்னும் ஓரிடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முதல்நாள் மொத்தத் தென்மாவட்டமும் ஒரே சாலையில் வரும்போது என்ன ஆகும் என்பதுதான் என் உண்மையான பயம். அந்த ஒரு வாரத்துக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிடலாம் என்கிறான் அண்ணன். கிடைத்தால் சரி.

டிசம்பர் 17

இன்றைய தேதி யாருக்கும் மறந்திருக்காது. 2023-இல் இதே நாள் தொடங்கிய மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்ப் பயணிகள் தவித்தார்கள். தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷனுக்குள் வந்தது. நின்ற இடத்திலேயே மூழ்கிய கார்களின் கூரை மட்டும் தெரிந்ததை நான் கொக்கிரகுளம் பக்கம் பார்த்தேன்.

அதனால் "தண்ணீரில் மின் வண்டி என்ன ஆகும், ஷாக் அடிக்குமா?" என்று மேலப்பாளையத்திலிருந்து கேட்டவரின் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன்.

மின் வண்டி பேட்டரிகளுக்குப் பொதுவாக ஐ.பி. 67 தரம் கொடுக்கிறார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்பது அதன் பொருள். மழைநீர் தேங்கிய சாலையைக் கடக்கும்போது டீசல் என்ஜின் காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி நின்றுபோகும். மின் மோட்டார் காற்றை உறிஞ்சுவதில்லை. உயர் மின்னழுத்தச் சுற்று வண்டியின் உடலோடு இணைக்கப்படாமல் தனித்து இருக்கிறது, கசிவு தெரிந்தால் தானே துண்டித்துக்கொள்ளும். ஆக, முழங்கால் அளவு தண்ணீரைக் கடப்பதில் மின் வண்டி பின்தங்கியதல்ல.

ஆனால் 2023-இல் வந்தது அரை மணி நேரத் தண்ணீர் அல்ல. மணிக்கணக்கில், ஆள் உயரத்துக்கு, சேறும் கலந்து. எந்தச் சான்றிதழும் அதற்குக் கொடுக்கப்பட்டதல்ல. அப்படி மூழ்கிய மின் வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்துபார்க்கக் கூடாது, சார்ஜ் போடவே கூடாது. இழுவை வண்டியில் ஏற்றி சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும், திறந்தவெளியில் மற்ற வண்டிகளிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும். காப்பீடு எடுக்கும்போது வெள்ளச் சேதத்தில் பேட்டரியும் அடங்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலையில் பெரும்பங்கு அந்தப் பேட்டரிதான். ஆற்றை ஒட்டிய தெருக்களில் இருப்பவர்கள் சார்ஜர் பெட்டியைச் சுவரில் இடுப்புக்கு மேலே பொருத்துங்கள். இதைச் சொல்லித் தருகிற ஷோரூமை நான் இன்னும் பார்க்கவில்லை.

டிசம்பர் 19

மின்தடை பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ஒரு இரவு மின்சாரம் இல்லாவிட்டால் வண்டி நின்றுபோவதில்லை, நேற்று ஏற்றியது மிச்சம் இருக்கும். மின்தடையைவிடக் கவனிக்க வேண்டியது கட்டணம், அதற்கு வழி கூரை. மூன்று கிலோவாட் சூரியத் தகடு போட்டால் ஒன்றிய அரசின் மானியம் 78,000 ரூபாய். நம் வெயிலுக்குச் சராசரியாக நாளுக்கு 12 யூனிட் எதிர்பார்க்கலாம். மேலே சொன்ன வண்டிக்கு நாளுக்கு ஏழு யூனிட்தான் தேவை. தகடு செய்கிற டாடா ஆலை கங்கைகொண்டான் சிப்காட்டிலேயே இருக்கிறது. வண்டியும் தகடும் சேர்ந்து வந்தால்தான் அந்த மேல் அடுக்குக் கட்டணத்திலிருந்து தப்ப முடியும்.

இன்னொன்று, காற்று. ஆனி ஆடியில் காவல்கிணற்றைத் தாண்டி ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போகிறவர்களுக்கு முப்பந்தல் காற்று நேர் எதிரே வீசும். அத்தனை காற்றாலைகளையும் சுழற்றுகிற காற்று உங்கள் வண்டியையும் தள்ளத்தான் செய்யும். உயரமான வண்டிக்கு அந்த எதிர்ப்பு நன்றாகவே பேட்டரியைத் தின்னும். வேகத்தை எண்பதுக்குக் குறைத்தால் போதும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் இருக்கும்.

டிசம்பர் 22

எதை வாங்குவது என்று எல்லோரும் முடிவாகக் கேட்கிறார்கள். என் எண்ணம் இரண்டு முறை மாறிவிட்டது. முதலில் மேல்தட்டு வகைதான் கண்ணில் பட்டது, 29.45 லட்சம். பிறகு நம் ஓட்டத்துக்கு 59 யூனிட் 19.95 லட்சமே போதும் என்று தோன்றியது. தென்காசி, திருச்செந்தூர், நாகர்கோவில் எதற்கும் அது தாராளம். மாவட்டத்தை விட்டு அதிகம் வெளியே போகாதவர்கள் அதையே வாங்கலாம்.

எனக்கு மதுரையில் ஆஸ்பத்திரி வேலை அடிக்கடி வரும். ஆச்சியை வைத்துக்கொண்டு வழியில் சார்ஜர் தேடி நிற்க முடியாது. 79 யூனிட் பேட்டரியை அடிப்படை வகையிலேயே 21.95 லட்சத்துக்குக் கொடுக்கிறார்கள். மதுரை போய், அங்கே சுற்றி, வீடு திரும்பினாலும் மிச்சம் இருக்கும். கூடுதல் ஸ்பீக்கரும் காற்று வரும் இருக்கையும் இல்லாமல் இருக்கலாம். இந்த வகையைத்தான் எடுக்கப் போகிறேன், வரி விலக்கு நீட்டிக்கப்பட்டால்.

வள்ளியூர்க்காரருக்கு: உங்கள் வீட்டில் ஏழும் பெரியவர்கள் என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். அப்படியானால் டீசல் வண்டியை இப்போதைக்கு விற்காதீர்கள். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வண்டி நீளம் 4,737 மில்லிமீட்டர், அகலம் 1,900. ஜனவரி 14-க்குள் வாசல் கேட்டையும் தெரு முனையையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். எங்கள் கேட்டில் கண்ணாடியை மடக்கினால்தான் நுழையும். கொத்தனாரிடம் சொல்லியாயிற்று, பொங்கலுக்கு முன்னால் ஒரு தூணை அரை அடி தள்ளிக் கட்டித் தருகிறேன் என்றிருக்கிறார்.